ஆடுற ஊரில் ஒரு கணக்குப்பிள்ளை

திருப்பூரில் எங்கள் வீட்டுக்குக் கீழே நிட்டிங் ஷெட். மேஜையில் வைத்த டம்ளர் தண்ணீர் ராத்திரி பகல் என்றில்லாமல் லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். வெளியூர் உறவினர்கள் அதைப் பார்த்துப் பயப்படுவார்கள். நாங்கள் நடுக்கம் நின்றால்தான் பயப்படுவோம். கரண்ட் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் ஆர்டர் போயிருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட ஊரில், அசைவையும் சாய்வையும் உணரும் கருவி ஒன்று இன்று எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கிறது. போனுக்குள் ஆக்ஸிலரோமீட்டர் என்று ஒரு சின்னச் சில்லு. அதில் சிலிக்கான் ஸ்பிரிங்கில் தொங்கும் சிலிக்கான் எடைக்கல். போனை அசைத்தால் கல் கொஞ்சம் பின்தங்கும். பக்கத்துத் தகடுகளுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மாறும். அந்த மாற்றத்தை மின்சாரத்தால் அளந்துகொள்வார்கள், அவ்வளவுதான். கார் ஏர்பேக்கை விரிக்க உதவிய சங்கதி, 2007-ல் ஐபோனில் படத்தைப் படுக்க வைத்து நிமிர்த்திக் காட்டியதும் உலகப் புகழ் பெற்றுவிட்டது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. மேஜையில் சும்மா கிடக்கும் போனில் இந்தச் சில்லு 9.8 என்று காட்டும். பூமி இழுக்க, மேஜை தாங்க, அதற்கு அப்படியொரு பாரம். மாடியிலிருந்து கைதவறி விழும்போது, நாம் ஐயோ என்று அலறுகிற அந்த நொடியில், கிட்டத்தட்ட பூஜ்யம். பரம நிம்மதி. இ.எம்.ஐ. கட்டுகிறவனுக்குத்தான் கவலை.

கீழ் ஷெட்டில் புது மிஷின் இறக்கிய அன்று பிட்டர் அண்ணன் ரசமட்டத்தோடு வந்தார். கூட வந்த பையன், "அதெல்லாம் எதுக்குங்கண்ணா?" என்று போனை எடுத்து மிஷின் மேல் வைத்தான். இரண்டு டிகிரி சாய்வு என்றது போன். பையன் ஸ்பேனரைத் தேடினான்.

"இருடா. அப்படியே தலைமாடு கால்மாடா திருப்பி வை" என்றார் அண்ணன். திருப்பி வைத்தான். இப்போது எதிர்ப்பக்கம் இரண்டு டிகிரி.

"மிஷின் ரெண்டு பக்கமும் சாயுமாடா? அது உன்ற கேமரா சாய்வு."

முதுகில் மூன்று கேமராவைத் தூக்கிக்கொண்டிருக்கும் போன் எங்கே வைத்தாலும் ஒருக்களித்துத்தான் படுக்கும். ரசமட்டத்தைத் திருப்பி வைத்துச் சரிபார்ப்பது கொத்தனார்களின் பழைய வழக்கம். இரண்டு அளவையும் வைத்து, கருவியின் பொய்யைக் கழித்துவிட்டு மிஷினின் உண்மையை எடுத்துக்கொள்வார்கள். அண்ணன் மனக்கணக்காகவே செய்துவிட்டார்.

இவ்வளவு மட்டம் பார்த்து நிறுத்திய மிஷினிலிருந்து இறங்கும் துணி என்னவோ பிறவியிலேயே சாய்வுதான். 30 இஞ்ச் வட்ட மிஷினில் நூல் ஊட்டும் பீடர் 90 இருந்தால் ஒரு சுற்றுக்கு 90 வரிசை திருகிக்கொண்டு மேலேறும். நூலின் முறுக்கும் சேர்ந்துகொண்டால், நாலு துவையலுக்குப் பிறகு பனியனின் பக்கத் தையல் தொப்புளைத் தேடி வந்துவிடும். அதை அளக்க போன் வேண்டியதில்லை. வாங்கிப் போட்டவனே போன் பண்ணிச் சொல்வான்.

சாய்வை அளக்கிறவன் குலுக்கலையும் அளப்பான் இல்லையா? 2008-ல் பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியாக்காரர்கள் 'நெரிசெல்' என்று ஒன்று செய்தார்கள். போனும் ஆக்ஸிலரோமீட்டரும் வண்டியில் போகும். குலுக்கலை வைத்துப் பள்ளத்தையும் சடன் பிரேக்கையும் கண்டுபிடிக்கும். மைக்கை வைத்து ஹாரன் சத்தத்தைக் கேட்டுக்கொள்ளும். போன் பையில் குப்புறக் கிடக்கிறதா, மல்லாக்கக் கிடக்கிறதா என்று அதற்கு எப்படித் தெரியும்? பூமியின் இழுப்பை வைத்துக் கீழ் எது என்றும், பிரேக் அடிக்கும்போது வரும் உந்தலை வைத்து முன் எது என்றும் கணக்குப் போட்டுக்கொண்டது. 2012-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரமும் 'ஸ்ட்ரீட் பம்ப்' என்ற செயலியோடு பள்ளம் தேடக் கிளம்பியது. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப் போட்ட எங்கள் தெருக்களில் பள்ளத்தைக் குறித்தால் வரைபடம் முழுக்கப் புள்ளியாகிவிடும். ரோடு இருக்கிற இடத்தை மட்டும் குறித்துக்கொண்டால் பேட்டரியாவது மிச்சம்.

காலடி எண்ணும் வேலையில்தான் போனின் சுயரூபம் தெரியும். தினம் பத்தாயிரம் அடி என்பதே, 1965-ல் ஜப்பானில் ஒரு காலடி மீட்டரை விற்கச் சூட்டிய பெயரிலிருந்து வந்த கணக்கு. நண்பரின் கம்பெனியில் ஒரு மாதம் நடைப் போட்டி வைத்தார்கள். பவர் டேபிளில் ஒன்றரை ஷிஃப்ட் உட்கார்ந்து குலுங்கும் டெய்லர் அக்காவுக்கு ஒன்றுமே ஏறவில்லை. ஓவர்லாக் நிமிஷத்துக்கு 5,000 தையலுக்கு மேல் ஓடும், நொடிக்கு எண்பதுக்கும் மேல். மனிதக் கால் நொடிக்கு இரண்டு அடிதான் வைக்கும் என்று போனுக்குத் தெரியும், எண்பதைத் தள்ளிவிட்டது. ஓனருக்குச் சர்க்கரை. டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். பண்டல் தூக்கிக்கொண்டு டேபிளுக்கு டேபிள் ஓடும் ஹெல்பர் பையனைக் கூப்பிட்டு, "கண்ணு, இதையும் பாக்கெட்டுல போட்டுக்க" என்று தன் போனைக் கொடுத்துவிட்டு ஏசி அறைக்குள் போய்விட்டார். போட்டியில் அவருக்குத்தான் முதல் பரிசு. டாக்டரும் பார்த்து மகிழ்ந்தார். சர்க்கரைதான் நம்பவில்லை. போன் பழைய மண்டிக் கணக்குப்பிள்ளை மாதிரி: யார் பேரேடோ அதில் வரவு வைக்கும், யார் உழைத்தது என்று கேட்காது.

எங்கள் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, இந்த வித்தையை யாரும் சொல்லாமலே அடைந்தவர். அக்கா குழந்தை பாட்டுப் பாடினால்தான் தூங்கும். அமுச்சிக்குத் தொண்டை கட்டிக்கொள்ளவே, போனில் தாலாட்டைப் போட்டுத் தூளிக்குள்ளேயே வைத்துவிட்டார். தூளி ஒவ்வொரு தடவை கீழ்ப்புள்ளியைக் கடக்கும்போதும் உள்ளே இருப்பதற்குக் கனம் கூடும், ஓரங்களில் குறையும். போய்வர இரண்டு தடவை. உத்தரத்திலிருந்து கட்டிய நீளமான தூளிக்கு ஒரு நொடிக்குச் சற்று மேல் ஒரு கனம். போனின் கணக்கில் யாரோ ஒருவர் சாவகாசமாக நடந்துகொண்டிருக்கிறார்.

இந்தக் காலடி எண்ணிக்கை சிங்கப்பூரில் இருக்கும் மாமாவுக்கும் போய்ச் சேரும். போன் வாங்கிக் கொடுத்தபோதே அப்படி அமைத்துவைத்திருந்தார். முட்டிவலிக்காரி அம்மா உச்சிவெயிலில் நாலாயிரம் அடி தாண்டி நடப்பதைப் பார்த்ததும் மனிதர் பதறிப்போய்க் கூப்பிட்டார். தூளிக்குள் போன் அலறியது. குழந்தை அதைவிடப் பெரிதாக அலறியது.

அமுச்சி போனை உருவி எடுத்தார். "இந்த வெயில்ல எங்கம்மா நடந்துட்டிருக்கே?"

"நானெங்க சாமி நடக்கறேன், பாப்பாதான் நடந்துட்டிருந்துச்சு. நீ கூப்பிட்டு அதையும் எழுப்பி உட்டுட்டே. வையி போனை."