தரைக்கப்பல் கேப்டன்

கடலைக் கண்ணால் பார்த்திராதவரும் கேப்டன் ஆகலாம். அதற்கு 29 அடி நீளத்தில் ஓர் ஆர்.வி. இருந்தால் போதும். அமெரிக்காவில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சிலர் தோட்டம் போடுவார்கள், சிலர் கோல்ஃப் ஆடுவார்கள். நம் கேப்டனோ, இனி வீடு வாசல் தொல்லை இல்லாமல் ஊர் சுற்ற வேண்டும் என்று தீர்மானித்து, கட்டில், கக்கூஸ், அடுப்பு, ஃபிரிட்ஜ், டி.வி., நாய், மனைவி சகிதம் அந்த வீட்டையே சக்கரத்தின் மேல் ஏற்றிக்கொண்டு கிளம்பியவர். ஊர் ஒஹையோவாக இருக்கலாம், அயோவாவாக இருக்கலாம். தொப்பி மட்டும் எல்லா கேப்டன்களுக்கும் ஒன்றுதான். வண்டிக் கதவருகே அமெரிக்க வரைபடம் ஒட்டியிருக்கும். ஒரு மாநிலத்தில் ஓர் இரவாவது தூங்கினால்தான் அதன் ஸ்டிக்கரை ஒட்டலாம் என்பது அவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட தர்மம். சும்மா கடந்து போனதற்கெல்லாம் ஒட்டிக்கொள்கிற ஆசாமிகளை அவர் மனிதர்களாகவே மதிப்பதில்லை.

வாஷிங்டன் மாநிலத்துக்கு வந்தால் திட்டம் மாறவே மாறாது. முதலில் ஒலிம்பிக் தேசியப் பூங்கா, பிறகு சியாட்டல். சியாட்டல் பக்கம் குடியிருந்துகொண்டு, ஹோ மழைக்காட்டில் அவ்வப்போது கூடாரமும் போடுகிறவன் என்பதால், இந்த ரகத்தைக் காட்டுக்குள்ளும் பார்த்திருக்கிறேன், நகரத்திலும் பார்த்திருக்கிறேன்.

பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று ஒலிம்பிக் மலையில் மோதிச் சுமையை இறக்கும் இடம் ஹோ. ஆண்டுக்கு 12 முதல் 14 அடி மழை. அங்குலம் அல்ல, அடி. மலைக்கு மறுபக்கம் இருக்கிற ஸ்குவிம் ஊருக்கு ஆண்டு முழுவதற்கும் 16 அங்குலம்தான் கிடைக்கிறது. அங்கே லாவெண்டர் பயிரிடுகிறார்கள். கேப்டன் இதையெல்லாம் கையேட்டில் படித்துவிட்டுத்தான் வருவார். வந்து இறங்கியதும் வானத்தைப் பார்த்து, ஏதோ ஒப்பந்தத்தை மீறிவிட்டதுபோல் முகம் சுளிப்பார்.

வண்டியைப் பின்னால் எடுத்து முகாம் இடத்தில் நுழைப்பது முதல் காட்சி. இந்தப் பூங்காவில் பல இடங்கள் 21 அடி வண்டிக்குத்தான் அளவெடுத்தவை. கேப்டனம்மா மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு, வாக்கி டாக்கியும் கையுமாகப் பின்னால் போய் நிற்பார்.

"ஹனி, இடது பக்கம் இடம் இருக்கா?"

"உன் இடதா, என் இடதா?"

"வண்டியோட இடது!"

"வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிக்குதுன்னு வெச்சுக்கறது?"

அக்கம்பக்கத்துக் கூடாரக்காரர்கள் யாரும் நேராகப் பார்ப்பதில்லை. கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவுவார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு தாம்பத்தியத்தின் முழு வரலாறும் காதில் விழுந்துவிடும்.

நின்றாயிற்று என்று நினைத்தால், அது நம் அறியாமை. இனிமேல்தான் ரசமட்டம். வண்டி கொஞ்சம் சாய்ந்திருந்தால் பழைய ரக கேஸ் ஃபிரிட்ஜ் குளிர்விக்காது. அதற்குள் ஓடும் அம்மோனியாக் கரைசல் புவியீர்ப்பை நம்பிப் பிழைப்பது. ஆகவே மஞ்சள் பிளாஸ்டிக் கட்டைகளைச் சக்கரத்தடியில் கொடுத்து ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி, குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை அவர் ஓய மாட்டார். தலைக்கு மேல் 200 அடியைத் தாண்டிய சிட்கா ஸ்ப்ரூஸ் மரங்கள் நிற்கின்றன. அண்ணாந்து பார்ப்பார், பார்க்காமல் இல்லை. கிளை முறிந்து கூரையில் விழுமா, சூரியத் தகட்டுக்கு வெளிச்சம் வருமா என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுகிற பார்வை அது.

கேப்டனை அவருடைய முழு மகிமையோடு பார்க்க வேண்டுமானால் மழை வலுக்க வேண்டும். ஒருநாள் உள்ளே காபி குடிக்கக் கூப்பிட்டார்கள். ஈரக் கோட்டு, ஈரக் காலுறை, ஈர நாய், எங்கள் மூன்று பேர் மூச்சு எல்லாம் சேர்ந்து ஜன்னல்கள் வியர்த்து வடிந்தன. அவர் ஒரு டிஷ்யூ தாளை நான்காக மடித்து, கட்டிலுக்கு மேலே கூரையின் மூலையில் வைத்து அழுத்தினார். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு பொட்டு ஈரம். நியாயமாக அந்த முகம் வாட வேண்டும், மலர்ந்துவிட்டது. டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு, வெள்ளை டேப்பும் கத்தரியுமாக ஏணியில் ஏறினார். மழை தொப்பியின் விளிம்பில் ஒழுக ஒழுக, கூரையிலிருந்து சீழ்க்கை ஒலி கேட்டது.

பாசி மண்டபம் என்று ஒரு நடைபாதை அங்கே உண்டு. ஒரு மைல்கூட இல்லை. மேப்பிள் மரங்களில் பாசி சடை சடையாகத் தொங்கும். விழுந்து கிடக்கும் பழைய அடிமரத்தின் முதுகிலேயே புதிய கன்றுகள் வரிசை கட்டி முளைத்திருக்கும். கேப்டனம்மா தினமும் போய்வருவார். ஒரு சாண் நீளத்துக்கு வளரும் மஞ்சள் நத்தையைப் பார்த்ததை, ஓடில்லாத பிறவி அது, என்னிடம் கண் விரியச் சொன்னார். கேப்டன் ஒரு தடவை பாதி தூரம் போய், வெயில் மறைப்பை மடக்கினோமா என்ற சந்தேகத்தில் திரும்பிவிட்டார். அந்தக் காட்டில் வெயில் மறைப்பு எதற்கு என்று நானும் கேட்கவில்லை. இதே ஹோவில்தான் 2005-ல் கார்டன் ஹெம்ப்டன் என்ற ஒலிப்பதிவாளர், பாசி படிந்த மரத்தின் மேல் ஒரு சிவப்புக் கல்லை வைத்து, இந்த ஒரு சதுர அங்குலத்தையாவது மனித இரைச்சல் இல்லாமல் காப்போம் என்று இயக்கம் தொடங்கினார். கேப்டனிடம் சொன்னேன். உருக்கமாகத் தலையாட்டிவிட்டு மணியைப் பார்த்தார். ஜெனரேட்டர் போட அனுமதி உள்ள நேரம் வந்துவிட்டது.

கழிவு இறக்கும் இடத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கேப்டன் என்னை மன்னிக்க மாட்டார். முதலில் கறுப்புத் தொட்டி, அதாவது கக்கூஸ். பிறகு சாம்பல் தொட்டி, குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும். சோப்புத் தண்ணீர் கடைசியில் வந்தால்தான் குழாய் அலம்பப்படும். வரிசையை மாற்றுகிறவன் மூடன். தொட்டி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும் விளக்கு, காலி செய்த பிறகும் மூன்றில் இரண்டு பங்கு என்றே காட்டும். அதை எல்லா கேப்டன்களும் மனைவியின் வாக்குபோல மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டு, தங்கள் கணக்குப்படியே நடப்பார்கள். ரப்பர் கையுறையோடு வரிசையில் நிற்கும் ஐந்தாறு பேர் அங்கே அடிக்கிற அரட்டையைக் கேட்டால், நம்மூர் டீக்கடை பெஞ்சு தோற்றுவிடும். நாற்றத்தை யாரும் குறிப்பிடுவதில்லை.

கேப்டனுக்கு வரலாறும் தெரியும். 1962-ல் சியாட்டலில் உலகக் கண்காட்சி நடந்தது. அதைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாகக் காரில் போனவர்கள் மொன்டானாவின் பில்லிங்ஸ் ஊரைக் கடந்தார்கள். அங்கிருந்த டேவ் டிரம் என்ற வியாபாரி, ஆற்றங்கரையில் இருந்த நிலத்தில் மேசையும் வெந்நீர்க் குளியலறையும் போட்டு, இரவுக்கு 1.75 டாலர் வாங்கினார். கே.ஓ.ஏ. என்ற மாபெரும் முகாம் நிறுவனம் அப்படித்தான் பிறந்தது. கேப்டனைப் பொறுத்தவரை அந்தக் கண்காட்சியால் மனித குலத்துக்கு விளைந்த நன்மை இதுதான். அதற்காகவே கட்டிய 605 அடி ஸ்பேஸ் நீடில் உபரி.

நகரத்துக்கு அவரை நான் அழைத்துப்போவதாக ஏற்பாடு. பெயின்பிரிட்ஜ் தீவிலிருந்து வண்டிகளை ஏற்றிச் செல்லும் ஃபெரி 35 நிமிடத்தில் சியாட்டல் சேரும். ஆனால் அதில் வண்டியின் நீளத்துக்குத் தகுந்த கட்டணம். 30 அடியைத் தாண்டினால் அடுத்த படிக்கட்டு. பின்னால் மாட்டியிருந்த சைக்கிள் தாங்கி இரண்டடியைக் கூட்டிவிட்டது. "சைக்கிள் வண்டியில்ல, சைக்கிள்!" என்று கேப்டன் வாதாடினார். டிக்கெட் கொடுத்த பெண் புன்னகையோடு 31 அடிக்குப் பணம் வாங்கிக்கொண்டார். மேல்தளத்தில் நின்றால் நகரம் நீரிலிருந்து எழுந்து வருவது தெரியும் என்று கூப்பிட்டேன். இன்னொரு கேப்டனின் கப்பலில் தம் கப்பலைத் தனியே விட அவருக்கு மனம் வரவில்லை.

பைக் பிளேஸ் சந்தை, 1907-லிருந்து நடப்பது, மீனைத் தூக்கி எறிந்து பிடிக்கும் கடை, எல்லாம் பார்த்தோம் என்றுதான் பெயர். அவர் பார்த்தது உயரப் பலகைகளைத்தான். காருக்கான வழிகாட்டிச் செயலியை நம்பி மரப்பூங்காவின் வழியே லேக் வாஷிங்டன் சாலையில் வந்தபோது, வளைவில் எதிரே வந்து நின்றது பழைய நடைபாலம் ஒன்று. அதன் கீழே 9 அடிதான் இடைவெளி. எத்தனையோ லாரிகள் முட்டிக்கொண்ட பாலம். எங்கள் வண்டி பதினொன்றரை அடி. பின்னால் கார்கள் வரிசை. சியாட்டல்காரர்கள் ஹாரன் அடிக்க மாட்டார்கள். அவர்களுடைய அமைதி அதைவிடக் கொடுமை. கேப்டனம்மா ஒரு வார்த்தை பேசாமல் வாக்கி டாக்கியை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார். ஒவ்வொரு காராகக் கெஞ்சிப் பின்னால் நகர்த்தி வெளியே வர அரைமணி நேரம் ஆயிற்று. அன்று கேப்டன் முகத்தில் இருந்த ஒளியை அதற்குமுன் நான் கண்டதில்லை.

பிறகு இரண்டு கார் இடத்துக்கு வாடகை கொடுத்து வண்டியை ஒரு வெட்டவெளியில் நிறுத்திவிட்டு ஸ்பேஸ் நீடிலில் ஏறினோம். சியாட்டல் மழைக்குப் பெயர்தான் பெரிது. ஆண்டுக்கு 38 அங்குலம், சென்னையைவிடக் குறைவு, ஆனால் நாள்கணக்கில் பிசுபிசுக்கும். மேலே, சுழலும் கண்ணாடித் தரையில் எல்லாரும் காலடியில் ஊரைப் பார்த்துக் கூவிக்கொண்டிருந்தார்கள். கேப்டன் மட்டும் மண்டியிட்டு, மூக்கைக் கண்ணாடியில் ஒட்டி, ஒரே திசையை உற்றுப் பார்த்தார்.

"ஹனி, படுக்கை மேல இருக்கிற வென்ட்டை மூடினோமா?"

"நீதானே திறந்தே."

அடுத்த நிமிடம் அவர் லிஃப்டில் இருந்தார். கேப்டனம்மா நகரவில்லை. டிக்கெட் பணம் வீணாகக் கூடாது என்று சொல்லிவிட்டு, கண்ணாடித் தரையில் ஒரு முழுச் சுற்று நிதானமாகச் சுற்றினார்.

அன்று மாலை நகருக்கு வெளியே ஆர்.வி. முகாமில், நனைந்த மெத்தையை ஹீட்டர் முன் நிறுத்தி வைத்துவிட்டு, கேப்டன் வென்ட் கதையை மூன்றாவது முறையாக விரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து இடத்து 34 அடிக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என் வண்டியில சென்சார் இருக்கு. மழைத் துளி பட்டா வென்ட் தானா மூடிக்கும்" என்றார்.

கேப்டன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "தானா மூடிக்கிட்டா, அப்புறம் நீங்க எதுக்குக் கூட வர்றீங்க?"