கை காய்த்த நாவல்கள்

சமீபத்தில் படித்த நாவல்களைப் பற்றிச் சென்ற இதழில் இரண்டு வரி எழுதினேன். வந்து குவிந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். ஆகவே இந்த இதழில் நாவல், நாவல், நாவல்!

*நீங்கள் விமர்சகரா, வாசகரா?*
– கல்லூரி மாணவர், திருச்சி

வாசகன். படித்ததை எடைபோட்டு வைப்பது விமர்சகர் வேலை. எனக்குப் படித்ததை நாலு பேரிடம் சொல்லாவிட்டால் தூக்கம் வராது.

*சமீபத்தில் படித்ததில் உங்களை உலுக்கிய நாவல்?*
– இல்லத்தரசி, தூத்துக்குடி

உங்கள் ஊர்க் கதைதான். ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’. 1979இல் வந்த நாவல். உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறாள் பொன்னாச்சி. வெயில் மேலிருந்து ஒரு தடவை, வெள்ளை வெளேரென்ற பாத்தியிலிருந்து இன்னொரு தடவை முகத்தில் அடிக்கிறது. உப்பை வாரி, பெட்டியில் சுமந்து, அம்பாரத்தில் கொட்ட வேண்டும். காலில் சின்னப் புண் இருந்தாலும் போச்சு, உப்புநீர் அதை ஆறவிடாது. தாகமெடுத்தால் குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. சுற்றிலும் இருப்பதெல்லாம் உப்புத் தண்ணீர்.

இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து கற்பனை செய்து எழுத முடியாது. எழுதப் போகும் மக்களிடம் நேரில் போய், அவர்களோடு பழகி, கேட்டு, பார்த்து எழுதியவர் ராஜம் கிருஷ்ணன். நீலகிரி படகர்களைப் பற்றிக் ‘குறிஞ்சித்தேன்’, வயல் வேலைக்காரர்களைப் பற்றிச் ‘சேற்றில் மனிதர்கள்’ என்று வாழ்நாள் முழுக்க அப்படியே அலைந்தார். அந்த அலைச்சலுக்கு எழுந்து நின்று கும்பிடலாம்.

*‘அசுரன்’ படம் பார்த்தாயிற்று. ‘வெக்கை’யையும் படிக்க வேண்டுமா?*
– ஆட்டோ ஓட்டுநர், கோவில்பட்டி

கட்டாயம். நாவலைத் தழுவி 2019இல் வந்த படம் தனுஷின் தோளில் நிற்கிறது. 1982இல் பூமணி எழுதிய நாவலில் நாம் பார்ப்பதெல்லாம் சிதம்பரம் என்கிற பையனின் கண் வழியே. ஆளை வெட்டிவிட்டு ஓடுகிறான். பிறகு அப்பனும் மகனுமாகக் காட்டிலும் மலையிலும் எட்டு நாள். போலீஸ் எங்கே என்கிற பதற்றத்தைவிட, தண்ணீர் எங்கே கிடைக்கும், எதைப் பறித்துத் தின்னலாம், ராத்திரி எங்கே சாயலாம் என்பதுதான் பக்கம் பக்கமாக வருகிறது. கரிசல் காட்டில் உழைத்த குடும்பத்துக்கு அந்த நிலத்தின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் தெரியும். அந்த அறிவுதான் அவர்களைக் காப்பாற்றுகிறது. உங்கள் ஊர்ப் பக்கத்து மண். உங்களுக்கு என்னைவிட நன்றாகப் புரியும்.

*பாதியில் மூடிவைத்த நாவல் உண்டா?*
– வங்கி ஊழியர், சேலம்

உண்டு. பெயர் வேண்டாம். நாயகன் தினமும் ஆபீஸ் போகிறான், வருகிறான், சோகமாகிறான். அந்த ஆபீசில் அவன் என்னதான் செய்கிறான் என்று நூறு பக்கம் தாண்டியும் தெரியவில்லை. அவன் சோகம் என்னைத் தொடவே இல்லை.

*தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடி வளர்ந்தவள் நான். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ எனக்குப் புதிதாக என்ன சொல்லிவிடும்?*
– மேற்கு மாம்பலம், சென்னை

உங்களுக்குத் தெரிந்ததையேதான் சொல்லும். ஆனால், படித்து முடித்ததும் அது ஏன் இவ்வளவு வலித்தது என்று பிடிபடும். அடிபம்பில் காற்றுதான் வருகிறது. தெருவைத் தோண்டிப் போடுகிறார்கள். சாக்கடை நாற்றத்தோடு குழாய்த் தண்ணீர் வருகிறது. இந்த அல்லாட்டத்துக்கு நடுவே ஜமுனாவின் வாழ்க்கை. சினிமா ஆசை காட்டிய பாஸ்கர் ராவை நம்பிச் சீரழிந்தவள், ஒரு கட்டத்தில் வாழவே வேண்டாம் என்கிற அளவுக்குப் போய்விடுகிறாள். அவளைத் திருப்புவது பெரிய உபதேசம் ஒன்றும் இல்லை. தெருவில் உள்ள டீச்சரம்மா தன் கல்யாணக் கதையை அலட்டிக்கொள்ளாமல் சொல்கிறார். சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறார். அதன்பின் ஜமுனா பக்கத்து வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுவர ஓடுகிறாள். பிறருக்காகத் தூக்கும் குடம் அவளை நிமிர்த்துகிறது. அந்தப் பக்கங்களை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

*பஸ் பயணத்தில் முடிக்கிற மாதிரி ஒரு நாவல்?*
– விற்பனைப் பிரதிநிதி, ஈரோடு

சி. சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’. 1959இல் வந்தது. சின்னப் புத்தகம். ஒரே ஜல்லிக்கட்டு, ஒரே சாயங்காலம். அப்பனைக் கொன்ற காரிக் காளையைப் பிடிக்க வந்து நிற்கிறான் பிச்சி. மாடு எப்படி வரும், திமிலில் எப்போது கைபோட வேண்டும், கொம்பு எந்தப் பக்கம் திரும்பும் என்பதையெல்லாம் மாடு பிடிக்கத் தெரிந்தவனின் கண்ணோடு எழுதியிருக்கிறார் செல்லப்பா. நீங்கள் இறங்க வேண்டிய ஊர் வந்தால் கண்டக்டரைச் சத்தம் போட்டுக் கூப்பிடச் சொல்லி வையுங்கள்.

*ஆயிரம் பக்க நாவல்களைப் பார்த்தாலே கை நடுங்குகிறது. என்ன செய்யலாம்?*
– ஆசிரியை, புதுக்கோட்டை

ஆயிரம் வேண்டாம், ஐந்நூற்றுச் சொச்சத்தில் ஆரம்பியுங்கள். ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’, 2004இல் வந்தது. பரதவர் ஊரான ஆமந்துறையின் அரை நூற்றாண்டுக் கதை. நடுக்கடலில் கவிழ்ந்து கட்டையைப் பிடித்துத் தத்தளிக்கிறவர்கள் ஒரு பக்கம், கரையில் தலைமுறை தலைமுறையாக நடந்தது இன்னொரு பக்கம். இரண்டும் மாறி மாறி வருகின்றன. அவர்கள் பிழைத்தார்களா என்று தெரிந்துகொள்ளவே பக்கம் புரளும். அப்புறம் ‘காவல் கோட்டம்’ போன்ற ஆயிரம் பக்க நாவலெல்லாம் உங்களுக்குக் கால் தூசு.

*வட்டார வழக்கில் எழுதியிருந்தால் எனக்குத் தலையும் புரிவதில்லை, வாலும் புரிவதில்லை.*
– மென்பொருள் பணியாளர், பெங்களூரு

வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரியும். முதல் இருபது பக்கம் திணறடிக்கும். அந்த ஊரில் நாலு பேர் பழக்கமானதும் சரளமாகிவிடும். புது ஊருக்கு மாற்றலாகிப் போகிறவர்கள் அப்படித்தானே பேச்சைப் பிடிக்கிறார்கள்!

*‘மோகமுள்’ளை நான் யமுனாவுக்காகப் படித்தேன். நீங்கள்?*
– வாசகர், கும்பகோணம்

நானும் யமுனாவுக்காகத்தான் எடுத்தேன். ரங்கண்ணாவிடம் தங்கிவிட்டேன். நாயகன் பாபு அவரிடம் சங்கீதம் கற்கிற பக்கங்களைப் பாருங்கள். தம்பூரா சுருதியில் மனசை நிறுத்துவது, பிடிபடாத ஒன்றுக்காகத் தினமும் உட்காருவது, குரு ஒரு முறை தலையசைக்க மாட்டாரா என்று ஏங்குவது. இதுவும் உழைப்புத்தான். யமுனாமேல் பாபுவுக்கு உள்ள காதலுக்கு அந்த ஆழம் கிடைப்பதே இந்தச் சாதகத்தால்தான் என்பது என் கட்சி. நாவலை எழுதிய தி. ஜானகிராமனுக்குச் சங்கீதம் தெரியும். எழுத்தில் அது கேட்கிறது.

*பெண்ணின் உழைப்பைச் சொல்லும் நாவல் ஒன்று சொல்லுங்கள்.*
– செவிலியர், விழுப்புரம்

இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’. 1994. காலனிக்கு வண்ணாத்தி ஆரோக்கியம். துணி வெளுக்கிறாள், பிள்ளைப்பேறு பார்க்கிறாள், சாவு வீட்டில் நிற்கிறாள், அறுப்புக் காலத்தில் களத்துக்குப் போகிறாள். பொழுது சாய்ந்ததும் சட்டியை எடுத்துக்கொண்டு வாசல் வாசலாகப் போய் ராச்சோறு கேட்கிறாள். ஒடுக்கப்பட்டவர்களின் தெருவிலேயே ஒடுக்கப்பட்டுக் கிடக்கிற குடும்பம் அவளுடையது. காலம் மாறுகிறது, அவளைக் கூப்பிடுகிற வீடுகள் குறைகின்றன. இழிவு நிறைந்த வேலைதான். ஆனால் சோறும் உறவும் அதிலிருந்துதான் வந்தன. போனால் போகட்டும் என்று அவளால் விட முடியவில்லை. விடிவு என்று நாம் பெயர் வைத்த மாற்றம் ஒருத்தியின் வயிற்றில் எப்படி அடிக்கும் என்பதை இவ்வளவு நெருக்கத்தில் நான் வேறெங்கும் படித்ததில்லை.

*காடு அழிவதைப் பற்றிய நாவல்?*
– பள்ளி மாணவி, மயிலாடுதுறை

சா. கந்தசாமியின் ‘சாயாவனம்’. உங்கள் ஊர்ப் பக்கம்தான் கதை. வெளிநாட்டில் சம்பாதித்துத் திரும்பிய சிதம்பரம் கரும்பாலை கட்ட ஒரு வனத்தை வாங்கி அழிக்கிறான். அவனை வில்லனாக்கவில்லை கந்தசாமி. அரிவாளோடு இறங்குகிறவனின் வேர்வை, விடாமுயற்சி எல்லாம் நம்மை அவன் பக்கம் இழுக்கும். நெருப்பு வைத்து முடித்ததும்தான் என்ன போயிற்று என்று உறைக்கும். ஊருக்கே புளி கொடுத்த மரங்கள் போய்விட்டன. இனிக் குழம்புக்குப் புளியைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். சுற்றுச்சூழல் பற்றி ஒரு சொற்பொழிவு கிடையாது. புளி ஒன்று போதும்.

*மலேசியாவில் மூன்றாம் தலைமுறை நான். எங்களைப் பற்றித் தமிழ்நாட்டில் யார் எழுதினார்கள்?*
– வாசகர், பினாங்கு

ப. சிங்காரம் எழுதினார். ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ என்று இரண்டே நாவல். இரண்டாவது 1972இல் வந்தது. சிங்கம்புணரியிலிருந்து கப்பலேறி இந்தோனேசியாவின் மேடானில் வேலை பார்த்தவர், ஜப்பான்காரன் காலத்தைக் கண்ணால் பார்த்தவர். வட்டிக்கடையில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் எப்படி இருந்தார்கள், யுத்தம் வந்ததும் அந்த ஒழுங்கெல்லாம் எப்படிச் சிதறியது, தோணியில் புயலைத் தாண்டிப் பினாங்கு வந்து சேர்வது என்ன பாடு! எழுதிய காலத்தில் அவருக்குக் கிடைக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை. அந்தக் கடனை நாம்தான் அடைக்க வேண்டும். ஒரு பிரதி வாங்கினால் ஒரு தவணை.

*எந்த நாவலைக் கேட்டாலும் வேலை, தொழில் என்றே வந்து நிற்கிறீர்கள். மனித மனம் முக்கியமில்லையா?*
– ஓய்வுபெற்ற பேராசிரியர், மதுரை

மனம்தான் முக்கியம், ஐயா. அது எங்கே உருவாகிறது என்பதுதான் என் கேள்வி. விழித்திருக்கிற நேரத்தில் பெரும்பகுதி வேலையில் போகிறது. பெருமையும் அவமானமும் கடனும் பயமும் சிநேகிதமும் அங்கேதான் முளைக்கின்றன. உப்பளத்துக் கணக்குப்பிள்ளை ஒரு பெண்ணை எப்படிப் பார்க்கிறான் என்பது அவள் கூலியோடு சேர்ந்த விஷயம். கூலியை மறைத்துவிட்டு அவள் மனத்தை மட்டும் எழுதினால் பாதிதான் தெரியும். நான் விரும்பிப் படித்த நாவல்களிலெல்லாம் யாராவது ஒருவருக்குக் கை காய்த்துப் போயிருக்கிறது. அப்படிப்பட்டவர் அழுதால் நானும் அழுகிறேன்.

*சினிமா உலகம் பற்றி நல்ல நாவல்?*
– உதவி இயக்குநர், வடபழனி

‘கரைந்த நிழல்கள்’. ஜெமினி ஸ்டுடியோவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர் அசோகமித்திரன். நட்சத்திரங்களை ஓரமாக உட்காரவைத்துவிட்டு, விடியற்காலையில் ஆள்களை வேனில் சேர்த்து அவுட்டோர் ஷூட்டிங்குக்குக் கிளம்புகிற புரொடக்ஷன் மேனேஜரைப் பின்தொடர்கிறார். உங்கள் காலைகளைப் பற்றிய நாவல்.

*அரசுப் பேருந்தில் நெடுநாளாக நடத்துநர். நான் பார்த்த மனிதர்களை எழுதினால் நாவலாகுமா? படிப்பு குறைவு.*
– பொள்ளாச்சி

ஆகும். மேலே சொன்னவர்களைப் பாருங்கள். மேடான் கடையில் வேலை பார்த்தவர் ஒருவர், ஸ்டுடியோவில் ஓடியாடியவர் ஒருவர், கடற்கரை ஊரில் பிறந்தவர் ஒருவர். அவர்களுக்குக் கிடைத்த மூலதனம் உங்களிடமும் இருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனித் தையல்காரர், மழையில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு ஓடுகிற பையன், ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் ஷிப்டு முடித்து ஹாஸ்டலுக்குத் திரும்புகிற பெண், இவர்களுக்கெல்லாம் இன்னும் நிறைய நாவல்கள் பாக்கி இருக்கின்றன.

மனிதர்களை மட்டும் எழுதாதீர்கள். உங்கள் வேலையையும் எழுதுங்கள். சில்லறை இல்லாத காலை நேரம், கணக்கில் குறைந்த பணத்தைக் கைக்காசிலிருந்து கட்டியது, கடைசி டிரிப்பில் டிக்கெட் எடுக்கக் காசில்லாமல் ஏறியவர், கூட்டத்தில் படியில் நிற்கிற பிள்ளைகளை உள்ளே தள்ளி விசில் ஊதுகிற பயம். இலக்கணத்தைத் திருத்த ஆள் கிடைப்பார்கள். இதையெல்லாம் எழுத உங்களை விட்டால் ஆள் கிடையாது. முதல் அத்தியாயத்தை முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். நான் முதல் வாசகன்.