எங்கும் நிற்காத வண்டி

மாமா, மயிலத்தில் மலைமேல் இருப்பவருக்கு அடுத்தபடியாக வாகனத்தால் பெயர் பெற்றவர் நீங்கள்தான். அவருக்கு மயில், உங்களுக்குப் புல்லட். கூட்டேரிப்பட்டில் நீங்கள் உதைத்துக் கிளப்பினால் எங்கள் தெருவில் நாய்கள் எழுந்து நிற்கின்றன. இப்படிப்பட்ட வண்டிக்கு ஹார்ன் ஒரு கேடா? அது முனகலோடு நின்றுபோனதை நீங்கள் குறையாக நினைக்காததில் வியப்பே இல்லை.

மற்றவர்கள் வண்டி, ஓட்டுகிறவர் நினைத்த இடத்தில் நிற்கிறது. அது அடிமைத்தனம். உங்கள் வண்டி அப்படியல்ல. நிற்கும் இடத்தை அதுவே முடிவு செய்யும். பிரேக்கை மிதித்தால் போகும். அவசரமாகப் போகவேண்டிய நாளில் நிற்கும்.

அதன் குலப்பெருமையை நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக் கேட்கவேண்டும். இங்கிலாந்தில் ரெட்டிச் ஊரில் உருவான வடிவம், 1955-ல் சென்னையில் தொடங்கிய கம்பெனி, திருவொற்றியூர் ஆலை, எல்லையைக் காக்க ராணுவமே கேட்டு வாங்கிய இயந்திரம் என்று ஒன்றையும் விடமாட்டீர்கள். ராணுவத்தில் வண்டியோடு மெக்கானிக்கும் இருந்தார் என்ற சின்ன விவரத்தை மட்டும், கேட்பவருக்கு நேரமாகுமே என்று விட்டுவிடுகிறீர்கள்.

உங்கள் வீரத்துக்கு அந்த ஃபியூஸ் ஒன்றே சாட்சி. கம்பெனிக்காரன் வைத்த ஃபியூஸ் சரியான கோழை. எங்கோ ஒரு ஒயர் தோலுரிந்து சேசிஸில் பட்டால் போதும், உடனே உயிரை விட்டுவிடும். நீங்கள் அதைத் தூக்கி எறிந்துவிட்டுச் செம்புக் கம்பியை முறுக்கி வைத்தீர்கள். அதற்குச் சாவே கிடையாது. டேங்குக்கு அடியில் ஒயரிங் முழுக்க உருகி ஒட்டிக்கொண்ட அன்றும் அந்தக் கம்பி மட்டும் தளதளவென்று இருந்தது. பெட்ரோல் டேங்குக்கு அரை சாண் கீழே இப்படி ஒரு யாகம் வளர்க்க எல்லோருக்கும் துணிச்சல் வராது.

ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் அம்மீட்டர் முள்ளும் உங்களைப் போலவே பக்குவம் அடைந்துவிட்டது. சார்ஜ் ஏறினால் ஒரு பக்கம், இறங்கினால் மறுபக்கம் என்று ஆடவேண்டிய முள், வரவும் வேண்டாம் செலவும் வேண்டாம் என்று நடுவில் நிற்கிறது. பேட்டரி மட்டும் தினமும் காலையில் செத்துக் கிடக்கிறது.

அந்தப் பேட்டரி விஷயத்தில் உங்கள் கொடைக்கு அளவே இல்லை. விளக்கு மங்கியதா, புதுப் பேட்டரி. மறுபடி மங்கியதா, ரெக்டிஃபையர். பிறகு பல்பு, பிறகு ஹார்ன், பிறகு சுவிட்ச். திண்டிவனத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள் என்றால் அதில் உங்கள் பங்கும் உண்டு. இண்டிகேட்டர் போட்டால் ஹார்ன் முனகுவதும், பிரேக்கை மிதித்தால் டெயில் லைட் மங்குவதும் ஒரே நோயின் குறிகள் என்று பாலிடெக்னிக் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையைச் சேசிஸிலும் வைத்து, ஹெட்லைட்டைப் போடச் சொன்னான். ஏறக்குறைய பூஜ்யம் காட்டவேண்டிய இடத்தில் மீட்டர் ஒரு வோல்டைத் தாண்டியது. எர்த் போல்ட்டுக்கு அடியில் துரு, துருவுக்கு மேல் நீங்கள் ஆசையாக அடித்த கறுப்புப் பெயிண்ட். உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினால் காலணா செலவில்லை என்றான். காசு செலவில்லாத வைத்தியம் பலிக்குமா? "மீட்டர் வெச்சுப் பாக்கறவன் மெக்கானிக்கே இல்லடா, காதால கேக்கறவன்தான் மெக்கானிக்" என்று அனுப்பிவிட்டீர்கள். அந்தத் தீர்ப்பைக் கேட்ட வண்டி அன்றிரவே ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இருட்டில் நின்று உங்கள் காதுக்கு வேலை கொடுத்தது.

பிரேக்கைப் பற்றிப் பேசாவிட்டால் புகழ் நிறைவு பெறாது. 2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை ஏறி, நகர மனமில்லாமல் அங்கேயே நின்றது. மறுநாள் காலைக்குள் நம் மயிலத்தில் 50 சென்டிமீட்டரை ஒட்டி மழை. புல்லட் ஹப் முழுகத் தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்ததும் ஊரில் பலர் டிரம்மைக் கழற்றிச் சேற்றை வழித்தார்கள், ஷூவைத் தேய்த்தார்கள், கேமுக்கு ஒரு பொட்டு கிரீஸ் வைத்தார்கள். நீங்கள் வெயிலில் நிறுத்திவிட்டுச் சந்தனம் வைத்தீர்கள். "தானா காயும்" என்றீர்கள். தண்ணீர் காய்ந்தது. உள்ளே இருந்த சேறும் காய்ந்து, ஷூவோடு ஷூவாகக் குடியேறிவிட்டது.

பிரேக் கீழே இறங்க இறங்க, ராடின் நட்டை நீங்கள் முறுக்கிக்கொண்டே போனீர்கள். நட்டு கடைசி மரைக்கு வந்தால் ஷூ தேய்ந்துவிட்டது என்று பொருளாம். அதெல்லாம் புத்தகம் படித்தவர்கள் சொல்வது. நீங்கள் கேம் லீவரைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டினீர்கள். மறுபடி முறுக்க இடம் கிடைத்தது. பிரேக் பிடிக்கும்போது லீவரும் ராடும் செங்கோணத்தில் இருந்தால்தான் இழுவை முழுதாகச் சேரும், தாண்டிவிட்டால் மிதிக்கிற பலம் வீணாகும் என்று பையன் இதற்கும் ஒரு கணக்கு சொன்னான். மிதிக்கிறவர் நீங்கள் என்பது அவனுக்கு மறந்துவிட்டது.

முன் பிரேக்கைத் தொடுவதே இல்லை என்பது உங்கள் விரதம். பிரேக் பிடித்தால் பாரம் முன் சக்கரத்துக்குத்தான் போகிறது, நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு அதனுடையது என்று வண்டியைச் செய்தவர்களே சொன்னாலும் விரதம் விரதம்தான். கேபிள் உறைக்குள் துருவே அதற்குக் காவல் இருக்கிறது.

திருட்டுப் பயமும் உங்களுக்கு இல்லை. இக்காலத்துப் பிள்ளைகளுக்கு இடக்காலில் கியர், வலக்காலில் பிரேக். உங்கள் பழைய புல்லட்டில் தலைகீழ். எடுத்துப்போகிறவன் நிறுத்த நினைத்து வலக்காலை வைத்தால் கியர் மாறும். விவரம் தெரிந்து இடக்காலை வைத்தாலும் ஒன்றும் ஆகாது என்பது உங்கள் கூடுதல் ஏற்பாடு.

ஆர்.சி. புதுப்பிக்கும் நாளில் மட்டும் நீங்கள் கொஞ்சம் விட்டுக்கொடுத்தீர்கள். தம்பி வண்டியிலிருந்து பேட்டரி, நண்பர் வண்டியிலிருந்து பின்சக்கரம், கடையிலிருந்து கைமாற்றாக ஹார்ன் என்று சேர்த்துப்போய்க் காட்டிவிட்டு, மாலைக்குள் எல்லாவற்றையும் நாணயமாகத் திருப்பிக் கொடுத்தீர்கள். அந்த ஒரு காலைப்பொழுது உங்கள் புல்லட் எவ்வளவு நல்ல வண்டி என்பதை நான் பார்த்தேன் மாமா. சொன்ன இடத்தில் நின்றது, கூப்பிட்ட குரலுக்கு விளக்கு எரிந்தது. நாற்பது வருட இரும்பு தன் பக்கம் ஒரு குறையும் இல்லை என்று காட்டிய அந்த அவமானத்தை நீங்கள் மறுநாளே துடைத்துவிட்டீர்கள்.

ஆயுத பூஜைக்குத் தேய்ந்த ஷூவை மாற்ற மறந்தாலும் சக்கரத்தடியில் புது எலுமிச்சம்பழம் வைக்க நீங்கள் மறந்ததில்லை. பங்குனி உத்திரத்துக்கு அத்தையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிறீர்கள். ஏறும்போது கூட வருகிறார். இறங்கும்போது மட்டும் படிவழியாக நடந்தே வருவதாக அத்தை வேண்டிக்கொண்டிருக்கிறாராம். பக்தி என்று ஊரில் சொல்லிக்கொள்ளுங்கள் மாமா. நாங்கள் யாரும் மறுத்துப் பேசமாட்டோம்.