ஸ்பிரே மாமா

எந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இவர் ஒருவர் இருப்பார். வலது ஆள்காட்டி விரல் நுனி மட்டும் தனி நிறம். நீலமாக இருந்தால் பேரனின் சைக்கிள் முடிந்தது என்று அர்த்தம். வெள்ளியாக இருந்தால் மாடிப்படி கிரில். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், ஸ்பிரே பெயின்ட் டப்பாவில் சேர்ந்துவிட்டார்.

ஹார்ட்வேர் கடைக்காரர் இவர் தலையைக் கண்டதுமே டீ குடிக்கப் போய்விடுவார். அகப்பட்டுக்கொள்வது கடைப்பையன். "எனாமலா, லாக்கரா தம்பி?" என்று கேட்டுவிட்டு மாமாவே பதிலையும் சொல்வார். லாக்கர் சட்டென்று காயும், ஆனால் தின்னர் பட்டால் கரைந்துவிடும். எனாமல் காய நேரமாகும், வெயில் மழைக்குத் தாங்கும். டூ-கே டப்பா என்றால் அடியில் இருக்கும் குமிழை அழுத்தி ஹார்டனரை உள்ளே கலக்க வேண்டும். அப்புறம் பெட்ரோல் பட்டாலும் அசையாது, ஆனால் மிச்சம் வைக்க முடியாது, டப்பாவுக்குள்ளேயே இறுகிவிடும். அதை அடிக்க நல்ல ரெஸ்பிரேட்டர் முகமூடி வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். கட்டுவது என்னவோ ஈரிழைத் துண்டுதான்.

சரித்திரமும் உண்டு. 1949-ல் அமெரிக்காவில், இல்லினாய் மாநிலத்து சிக்கமோரில், எட்வர்ட் சீமோர் என்பவர் அலுமினிய பெயின்ட்டை டப்பாவில் அடைத்துப் பீய்ச்சிக் காட்டினாராம். யோசனை சொன்னது அவர் மனைவி போனி என்ற பகுதியை மட்டும் வீட்டில் மாமி இருக்கும்போது விட்டுவிடுவார்.

இத்தனை தெரிந்தவருக்கு ஒரே பகை, உப்புத்தாள். துருவைத் தேய்க்கச் சொன்னால் முதுகு பிடித்துக்கொள்ளும். துருப் போகத் தேய்த்து, ரெட் ஆக்சைடு ஒரு கோட் கொடுத்த கிரில்லின்மேல் சாதா எனாமல் அடித்தாலே வருஷக்கணக்கில் நிற்கும். துருவின் மேலேயே அடித்தால் எவ்வளவு உசத்தியான டப்பாவும் கொப்பளித்துக் கிளம்பும், ஜி.ஐ. குழாயில் அதற்கான ப்ரைமர் இல்லாமல் எனாமல் அடித்தால் தோல் தோலாக உரியும். மாமா மூன்று வாரம் ஃபினிஷ் தேர்ந்தெடுப்பார். தேய்ப்பது மூன்று நிமிஷம்.

டப்பாவைக் குலுக்குவதில் மட்டும் குறை வைக்கமாட்டார். உள்ளே குண்டு உருளும் சத்தத்தில் பி பிளாக் வரை ஜன்னல்கள் சாத்தப்படும். ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிகமாகத் தள்ளிப் பிடித்து, மெல்லிசாகப் பல கோட் அடிக்க வேண்டும் என்பது முறை. இவரோ நாலு விரற்கடையில் பிடித்து ஒரேயடியாக அடிப்பார். வழிந்தால் "டிசைன்". மழை ஈரத்தில் லாக்கர் வெளுத்துப் போனால் "மேட் ஃபினிஷ், கேட்டு வாங்கினேன்."

ஆடி மாதம் மொட்டை மாடியில் கேஸ் ஸ்டாண்டுக்கு வெள்ளி அடித்தார். ஸ்டாண்டு ஒரு பக்கம்தான் வெள்ளியானது. மிச்சத்தைக் காற்று வாங்கிக்கொண்டு போய் மூன்றாம் மாடி மாமி காயவைத்திருந்த ஜவ்வரிசி வடாத்தில் சேர்த்தது. அந்த அம்மாள் தாம்பாளத்தோடு வந்து கதவைத் தட்டினார். மாமா ஒரு வடாத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"வரவே மாட்டேங்குது பாருங்கோ! ப்ரைமர்கூட இல்லாம!"