இந்தன ரக்ஷகர்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறுகிற நாள் வரையில் தம் வீட்டுச் சமையலறையில் காபிப்பொடி டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்பதைக்கூட அறியாதிருந்து, ஓய்வு பெற்ற மறு வாரமே அந்த அறையின் வாசற்படி அருகில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, அடுப்பில் எரிகிற ஜ்வாலையின் உயரத்தைக் கண்ணாலேயே அளந்து, "சிம்மில் வை, சிம்மில் வை" என்று ஆக்ஞை பிறப்பிக்கத் தொடங்கிவிடுகிற ஒரு மனிதரை நம்மில் பெரும்பாலோர் அறிவோம். மயிலாப்பூரில் இருக்கிறார், மன்னார்குடியில் இருக்கிறார், மதுரையில் என் உறவினர் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார். இந்த ஜாதி மனிதருக்கு இந்தன ரக்ஷகர் என்று நான் நாமகரணம் செய்திருக்கிறேன். எரிபொருளைக் காப்பதற்கென்றே தாம் பிறவி எடுத்ததாக அவருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அவருடைய சகதர்மிணியின் அபிப்பிராயம் அதற்குச் சற்று மாறுபட்டது.

அவரைக் கருமி என்று சொல்வது அபசாரம். கருமியாக இருந்தால் பாலில் தண்ணீரைச் சேர்ப்பார். காபிப்பொடியில் சிக்கரியை ஏற்றுவார். விருந்தாளி வருகிற வேளை பார்த்துக் கோயிலுக்குக் கிளம்பிவிடுவார். ரக்ஷகரோ முதல் தரமான பீபரியைத் தேடிப்போய், கண்ணெதிரே வறுத்து அரைக்கச் சொல்லி, விலையைக் கேளாமல் வாங்கி வருவார். வந்தவருக்கெல்லாம் இரண்டாம் டம்ளர் வற்புறுத்திக் கொடுப்பார். பாலும் பொடியும் சர்க்கரையும் யதேஷ்டமாகச் செலவாகட்டும்; உஷ்ணம் ஒன்று மட்டும் வீணாகக் கூடாது என்பதுதான் அவருடைய விரதம்.

இதில் நமக்குச் சங்கடமான விஷயம் என்னவென்றால், அவர் சொல்வதெல்லாம் உண்மையாக இருப்பதுதான். ஒரு டம்ளர் என்பது 150 மில்லி. 28 டிகிரியில் இருக்கும் குழாய்த் தண்ணீரை அந்த அளவுக்கு எடுத்துக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 11 கிலோ கலோரி வேண்டும். அதற்காக மூன்று டம்ளர் தண்ணீரை வைத்துக் கொதிக்கவிட்டு, ஒன்றை ஃபில்டரில் ஊற்றி, இரண்டைத் தொட்டியில் கொட்டுகிற வழக்கத்தை எந்த சாஸ்திரமும் ஆதரிக்காது. குறுகலான பாத்திரத்தைப் பெரிய பர்னரில் வைத்தால் ஜ்வாலை அடியைச் சூடாக்கிய பிறகு பக்கவாட்டில் ஏறி, அறையில் நிற்பவரைத்தான் சூடாக்குகிறது. வீட்டு எரிவாயு அடுப்புக்கு 68 சதவீதத் திறனாவது இருக்க வேண்டும் என்று நம் நாட்டுத் தர விதியே சொல்கிறது. ஆக, நல்ல அடுப்பிலும் மூன்றில் ஒரு பங்கு ஆகாயத்துக்கு அர்ப்பணம். பாத்திரத்தைக் கழுவி ஈரத்தோடு அடுப்பில் ஏற்றுவதைக் கண்டால் அவர் துடித்தெழுந்து தம் தோள் துண்டாலேயே துடைத்துக் கொடுப்பதற்கும் தக்க காரணம் இருக்கிறது. அடியில் ஒட்டியிருப்பது ஒரு தேக்கரண்டி நீராக இருந்தாலும், அது முழுவதும் ஆவியாக 3 கிலோ கலோரி செலவாகும். அதாவது கால் டம்ளருக்கு மேலான கொதிநீரை அந்த ஈரமே குடித்துவிடுகிறது.

இவற்றையெல்லாம் ஒரு முறை சொல்லி நிறுத்திக்கொள்கிறவராக இருந்தால் அவரைப் பற்றி எழுத வேண்டிய அவசியமே நேராது. ஆனால் தண்ணீர் தளதளவென்று கொதித்த பின்பும் அடுப்பை அணைக்காமல் இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், கொதிக்கிற தண்ணீர் எவ்வளவு பெரிய தீ எரிந்தாலும் அதற்கு மேல் சூடேறுவதில்லை என்றும், ஒரு லிட்டரைக் கொதிக்க வைக்கிற உஷ்ணத்தைப்போல் ஏழு மடங்குக்கு மேல் அதை ஆவியாக்குவதில் போய்விடுகிறது என்றும் அவர் ஆதியோடந்தமாக விளக்க ஆரம்பிக்கிறார். அந்தப் பிரசங்கம் முடிகிற வரையில் தண்ணீர் கொதித்துக்கொண்டேதான் இருக்கிறது.

பால் விஷயத்தில்தான் அவருக்கு முதல் தோல்வி ஏற்பட்டது. பாக்கெட்டில் வருகிற பாலைப் பண்ணையிலேயே 72 டிகிரியில் 15 விநாடி வைத்துச் சுத்தப்படுத்தி அனுப்புகிறார்கள். ஆகையால் அதை மறுபடியும் பொங்கப் பொங்கக் காய்ச்சுவது ஒரே குற்றத்துக்கு இரு முறை தண்டிப்பது என்று அவர் வாதித்தார்.

"அவங்க காய்ச்சினது அவங்களுக்கு. நம்ம வீட்டுக்கு வந்தப்புறம் நாம காய்ச்ச வேண்டாமா?" என்றாள் அந்த அம்மாள்.

இந்த நியாயத்துக்கு எந்தக் கல்லூரியிலும் பதில் கற்றுக்கொடுப்பதில்லை. ஆனாலும் ரக்ஷகர் விடவில்லை. நாம் காபியைக் குடிப்பது ஏறக்குறைய 60 டிகிரியில். அப்படியிருக்க, பாலை 100 டிகிரிக்கு ஏற்றிவிட்டு, பிறகு டம்ளருக்கும் டவராவுக்குமாக முழ உயரம் தூக்கி ஆற்றி, விலை கொடுத்து வாங்கிய உஷ்ணத்தைக் காற்றில் இறைப்பது எவ்வளவு பெரிய அவிவேகம்! தமிழ்நாட்டில் தினந்தோறும் ஆற்றப்படுகிற காபியின் உஷ்ணத்தையெல்லாம் ஒன்று சேர்த்தால் என்னென்ன செய்யலாம் என்று அவர் பட்டியல் போடுவதை நான் கேட்டிருக்கிறேன். பாலை 72 டிகிரியோடு இறக்கி அவர் தாமே ஒரு நாள் காபி கலந்தார். அதில் அவர் மறந்தது, காலையில் இறங்கிய டிகாக்ஷன் ஃபில்டரிலேயே ஆறிக் கிடக்கும் என்பதை. மூன்று பங்கு பாலும் ஒரு பங்கு டிகாக்ஷனும் சேர்ந்து 60 டிகிரிக்கு வந்தன. சர்க்கரையும் குளிர்ந்த எவர்சில்வர் டம்ளரும் தத்தம் பங்கை எடுத்துக்கொண்டன. அவர் கையில் வந்து சேர்ந்தது வெதுவெதுப்பான ஒரு திரவம். அதை அவர் முகம் சுளிக்காமல் குடித்து முடித்தார் என்பதை அவருடைய கௌரவத்துக்காகச் சொல்ல வேண்டும். மறுநாள் பால் வழக்கம்போல் பொங்கிற்று.

பிறகு மின்சாரக் கெட்டில் வந்தது. நீருக்கு நேரே உஷ்ணம் இறங்குவதால் ஒரு லிட்டர் கொதிக்கச் சுமார் பத்தில் ஒரு யூனிட்தான் ஆகிறது. தானே அணைந்தும் விடுகிறது. உத்தமமான சாதனம்தான். ஆனால் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை என்பதை உத்தேசித்து, அந்த 100 யூனிட் தீருகிற வரையில் கெட்டில், தீர்ந்த அன்றே எரிவாயு என்று ஒரு பஞ்சாங்கம் வகுத்து, தினமும் விடியற்காலையில் டார்ச் விளக்கோடு மீட்டர்ப் பெட்டியின் முன் அவர் தரிசனத்துக்கு நிற்கிறார். இலவசமாக வந்த யூனிட் கெட்டிலுக்குப் போயிற்றா, மின்விசிறிக்குப் போயிற்றா என்பது மீட்டருக்கே தெரியாது என்று எடுத்துச் சொல்ல இதுவரை யாருக்கும் தைரியம் வரவில்லை. கெட்டிலிலோ ஒரு குறிப்பிட்ட கோட்டுக்குக் கீழே தண்ணீர் வைக்கக் கூடாது. ஆகவே ஒரு டம்ளருக்காக மூன்று டம்ளர் கொதிக்கிறது. மீந்ததை ஃபிளாஸ்க்கில் ஊற்றி வைக்கிறார். அந்த வீட்டில் இப்போது மூன்று ஃபிளாஸ்க்குகள். 1892-இல் ஜேம்ஸ் டூவர் குளிர்ந்த வாயுத் திரவங்களைக் காப்பதற்காக அதைச் செய்தபோது, ஒரு மதுரைக் குடும்பம் மத்தியானம் வரைக்கும் காலை வெந்நீரைக் குடிக்க வேண்டிவரும் என்று அவர் நினைத்திருக்க நியாயமில்லை.

ரக்ஷகருடைய குலகுரு ஒருவர் உண்டு. 1753-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் பிறந்து, பவேரியாவில் பெரிய பதவி வகித்து, ரம்ஃபோர்டு பிரபு என்று பட்டம் பெற்ற பெஞ்சமின் தாம்ஸன் என்பவர் அவர். மியூனிச்சில் பீரங்கி துளைக்கும் சாலையில், நெருப்பே இல்லாமல் உராய்வினால் மட்டும் இரண்டரை மணி நேரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் காட்டி, உஷ்ணம் என்பது ஒரு பொருள் அன்று, இயக்கமே என்று 1798-இல் எழுதியவர். திறந்த அடுப்புகள் விறகைத் தின்பதைக் கண்டு பொறாமல் மூடிய அடுப்புகள் அமைத்தவர். காபியைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதி, காபி வடிக்கும் பாத்திரமும் வகுத்தவர். இவர் லவாய்ஸியே என்ற பிரெஞ்சு ரசாயன மேதையின் விதவையை மணந்தார். மனைவி அழைத்த விருந்தாளிகள் உள்ளே வராதபடி இவர் ஒரு நாள் வாயிற்கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்ள, அந்த அம்மாள் கொதிக்கிற வெந்நீரைக் கொண்டுபோய் இவர் ஆசையாக வளர்த்த பூச்செடிகளின்மேல் ஊற்றிவிட்டாள். இதை அவரே தம் மகளுக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். இந்த விருத்தாந்தத்தை நான் ரக்ஷகருக்கு ஓர் எச்சரிக்கையாகச் சொன்னேன். அவர் நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, "எத்தனை லிட்டர் இருக்கும்?" என்று கேட்டார்.

உதகமண்டலத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனபோது, அவ்வளவு உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதைக் கண்டு, டிகிரிக்கு டிகிரி லாபம் என்று அவர் பூரித்துப்போனார். குழாயில் வருகிற தண்ணீர் மதுரைத் தண்ணீரைவிட எத்தனை டிகிரி குளிர்ந்தது என்பதை மாப்பிள்ளை மரியாதையை உத்தேசித்துச் சொல்லாமல் விட்டார்.

மரியாதை பார்க்காதவள் பேத்தி. பன்னிரண்டாம் வகுப்பில் பௌதிகம் படிக்கிறவள், தாத்தாவின் நோட்டுப் புத்தகத்தையே எடுத்து வைத்துக்கொண்டு, "தாத்தா, கீசர் எத்தனை லிட்டர்?" என்றாள். "பதினஞ்சு" என்றார் அவர், ஆபத்தை உணராமல். 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 480 கிலோ கலோரி. ஒரு டம்ளருக்கு 11 வீதம் வகுத்தால், தாத்தாவின் ஒரு வேளை ஸ்நானம் ஏறக்குறைய 44 டம்ளர் காபித் தண்ணீருக்குச் சமானம் என்று அவள் கூட்டிக் கழித்துக் காட்டினாள். குளியலறையும் இதே பிரபஞ்சத்தில்தான் இருக்கிறது என்பது அன்றுவரை அவருக்குத் தோன்றவே இல்லை.

மனிதர் நேர்மையானவர். மறுநாளே, மார்கழி மாதம் என்றும் பாராமல், பச்சைத் தண்ணீரில் குளித்தார். குளித்துவிட்டு, பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ள, துண்டைப் போர்த்திக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்று, காலைக் காபிக் கணக்கில் சேராத ஒரு தனிக் காபி, பால் பொங்கின கையோடு, ஆற்றாமல், உடனே வேண்டும் என்றார். அந்த அம்மாள் ஒன்றும் பேசாமல் பெரிய பர்னரைப் பற்றவைத்தாள். 44 டம்ளரில் ஒன்று போனாலும் 43 லாபம்தானே என்று அவர் பேத்தியிடம் கணக்கு ஒப்பித்து, அந்த லாபத்திலிருந்து இன்னொரு டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார்.