பாண்டன் பயணத்தில் ‘பார்க்கலாம்’: ஓர் ஆய்வு

முன்னுரை

கோல்ஃப் ஆடக் கடற்கரைக்குப் போவது பற்றி நூல்கள் உண்டு. போவதற்கு முந்தைய பதினான்கு மாதங்களைப் பற்றி இதுவரை எவரும் ஆராய்ந்திலர். (‘எவரும் ஆராய்ந்திலர்’ என்பது ‘நான் தேடிப் பார்க்கவில்லை’ என்பதற்குக் கல்விப்புல வழக்கு.) அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுந்தது.

ஆய்வுக்களம்: அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துப் பசிபிக் கரையில் உள்ள பாண்டன் டூன்ஸ். வாழ்த்து அட்டை விற்றுப் பணம் பார்த்த மைக் கெய்சர், டேவிட் மெக்லே கிட் என்ற ஸ்காட்லாந்துக்காரரைக் கொண்டு முதல் களத்தை அமைத்து 1999இல் திறந்தார். மணல்மேடு, பாறை விளிம்பு, ஓயாத காற்று. வண்டி தரமாட்டார்கள், நடந்துதான் ஆட வேண்டும். கூடவே கேடி வருவார் (ஈண்டுப் பை சுமப்பவர், காவல் நிலைய வழக்கு வேறு). இவ்வளவு பாடு படுவதற்கு ஓராண்டுக்கு முன்பே இடம் பிடிக்கிறார்கள் மனிதர்கள்.

ஆய்வு எல்லை: நண்பர் நால்வர், ஒரு வாட்ஸாப் குழு. கருதுகோள்: முடிவு தெரிந்தபின் மரபுப்படி இங்கே சேர்க்கப்படும்.

மூலபாடம்

பிரதிகள் நான்கு. சியாட்டில் பிரதி (சி), சான் ஹோசே பிரதி (சா), டாலஸ் பிரதி (டா), போர்ட்லண்ட் பிரதி (போ). போ என்பது ஆய்வாளரின் கைப்பேசி. எனவே அதுவே திருத்தமான பிரதி. சி எழுதுவதில்லை, நான்கு நிமிடக் குரல் பதிவாக அனுப்பும், யாரும் கேட்பதில்லை. இதை வாய்மொழி மரபு என ஒதுக்கினேன். சா பிரதியில் எழுத்தே கிடையாது, கட்டைவிரல் மட்டும். டா பிரதியில் ஒற்றுகள் அரிது, ‘டா’ மிகுதி.

சொற்பிறப்பு

கோல்ஃப் என்ற சொல்லை டச்சு மொழியின் ‘கொல்ஃப்’ என்பதோடு சேர்த்து, தடி என்று பொருள் சொல்வார் ஐரோப்பிய அகராதியார். தடிக்குத் தமிழில் என்ன பெயர்? கோல். மேற்கொண்டு ஆதாரம் கேட்பவர் தமிழரல்லர். எஞ்சுவது ‘ஃப்’. உலகத்திலேயே ஆய்த எழுத்து நமக்கு மட்டுந்தான் உண்டு என்பதையும், அதை நாம் இந்த ‘ஃப்’ போடுவதற்குத்தான் அதிகம் பயன்படுத்துகிறோம் என்பதையும் நோக்க, ஐயம் நீங்கும். 1457இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம், விற்பயிற்சி கெடுகிறதென்று இந்த ஆட்டத்தைத் தடை செய்தது. தமிழின் மீது விழுந்த முதல் அயல்நாட்டுத் தடை இதுவே என நிறுவலாம். நிறுவியவர்களுக்கு விருதும் உண்டு.

செலவு

சி ஒரு எக்செல் போட்டார், நான் ஒன்று போட்டேன். இரண்டும் ஒத்துப்போகவில்லை.

கருவிகள்

பதினான்கு கோல்களுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. எங்களிடம் பஞ்சம் கோலுக்கு அல்ல.

‘பார்க்கலாம்’

செப்டம்பரில் நான் எழுதினேன்: “மச்சி, அடுத்த வருஷம் பாண்டன் போலாமா? நாலு பேரு, மூணு நாளு.” சி குரல் பதிவு அனுப்பினார். சா விரலை உயர்த்தினார். டா எழுதினார்: “பாக்கலாம் டா” (குழு, 4).

இச்சொல்லுக்கு ‘வருகிறேன்’ என்று பொருள் கொண்டு, முன்பணம் கட்டும் பக்கம் வரைக்கும் போய்விட்டேன். உரையாசிரியர் துணையின்றி மூலத்தை நேரே படித்ததால் வந்த வினை. ஒரு வாரம் கழித்து, “அப்ப கன்ஃபர்ம் தானே?” என்று கேட்டதற்கும் “பாக்கலாம்” என்றே விடை வந்தது (குழு, 19). இம்முறை ‘டா’ இல்லை. விளி நீங்கினால் விருப்பம் நீங்கும் என்பது என் கருத்து. அப்படியில்லை, அவர் காரோட்டிக்கொண்டு எழுதியிருப்பார் என்பது சி தரப்பு.

இரவு பத்து மணிக்குமேல் வரும் ‘பாக்கலாம்’, ‘வீட்டில் இன்னும் கேட்கவில்லை’ எனப் பொருள்படும். அதன் பின்னாலேயே தொடர்பில்லாத ஒரு கிரிக்கெட் காணொளி வருமாயின் ‘கேட்டாயிற்று’ எனப் பொருள்படும். என்ன விடை கிடைத்தது என்பது காணொளியின் நீளத்தால் உணரப்படும். ‘பாப்போம்’ என்பது இதன் திரிபன்று, வேறு சொல். ‘பாக்கலாம்’ என்பதில் கதவு ஒருக்களித்திருக்கும்; ‘பாப்போம்’ என்பதில் உள்ளே விளக்கையும் அணைத்துவிட்டார்கள் (குழு, 88; ஒப்பிடுக: அதே ஆள், 2 நிமிடம் கழித்து, ‘பாப்பம்’, ஓகாரம் அகரமானது ஐயத்துக்குரியது).

ஜனவரியில் திடீரென்று ஒரு நாள், டாவிடமிருந்து “பார்க்கலாம்” என்று வந்தது (குழு, 147). ரகர ஒற்று முழுசாக, பள்ளி ஆய்வாளர் வந்த நாளின் கரும்பலகை போல. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பதினெட்டு வருடப் பழக்கத்தில் அவன் ஒற்றுப் போட்டு எழுதியது ஒரே ஒரு தடவை, என் கல்யாணத்துக்கு வர முடியாது என்று சொன்னபோது. இதற்குப் பழைய இலக்கணத்தில் விதி காணப்படாமையால், ஆய்வாளரே ஒரு நூற்பாச் செய்துகொண்டார்:

ஒற்றுக் கெட்டு வரினே ஒப்புதல்;
ஒற்றொடு நிற்பின் உவப்பின்று என்க.

இதற்கு உரை, மறுப்புரை, மறுப்புக்கு விடை என மூன்று நாள் எழுதினேன். நாலாம் நாள்தான், டா புதுக் கைப்பேசி வாங்கியிருக்கிறார், அதன் விசைப்பலகை ஒற்றைத் தானே போட்டுவிடுகிறது என்று தெரிந்தது. எழுதிய பக்கங்களை நீக்கவில்லை. ஆய்வேட்டுக்குக் கனமும் ஒரு தகுதி; பட்டம் வாங்கியோர் அறிவர்.

இவையெல்லாம் கிடைத்துள்ள சான்றுகள். கிடைக்காததே முக்கியம். மார்ச்சில் ஓரிரவு டா எழுதி, உடனே அழித்த செய்தி ஒன்று உண்டு. குண்டலகேசி போல அதுவும் மறைந்த நூல், ‘இச்செய்தி நீக்கப்பட்டது’ என்ற ஒரு வரிதான் எஞ்சியது (குழு, 213, மூலம் அழிவு, சி கைப்பேசியின் பூட்டிய திரையில் ‘மச்சி உண்மைய சொன்னா’ என்பது வரை தெரிந்ததாகச் சி வாய்மொழி, அதைச் சி நேரில் காணவில்லை, சமையற்கட்டில் அவர் மனைவி கண்டு சொன்னது, ‘சொன்னா’வா ‘சொன்னான்’ஆ என்பதில் அவருக்கே உறுதியில்லை, கையில் தோசைத் திருப்பி இருந்தது). உண்மையைச் சொன்னால் என்ன? இக்கேள்வியோடு நான்கு மாதம் கழிந்தது.

திணைப் பகுப்பு

எதையும் ஐந்திணையில் பொருத்தாமல் கட்டுரையை முடித்தால் கருத்தரங்கச் சான்றிதழ் கிடைக்காது. நல்ல வேளையாகப் பாண்டனில் பதினெட்டுக் குழிக் களங்கள் ஐந்து.

பாண்டன் டூன்ஸும் 2001இல் டாம் டோக் அமைத்த பசிபிக் டூன்ஸும் நெய்தல். 2005இல் வந்த பாண்டன் டிரெய்ல்ஸ் காட்டுக்குள் போகிறது, முல்லை. 2010இன் ஓல்ட் மெக்டானல்டில் மூன்றாம் குழிக்கே சகாரா என்று பெயர், பாலை. பந்தைப் பிரிதல் அங்கே உரிப்பொருள். 2020இல் திறந்த ஷீப் ரான்ச்தான் சிக்கல். பெயரில் ஆடு இருப்பதால் முல்லை. நிலமோ கடலோரப் பாறை. இதைத் திணைமயக்கம் என்று சொல்லித் தப்பிக்கலாம். அந்தக் களத்தில் மணற்குழியே கிடையாது; போட்டால் காற்று மணலை அள்ளிக்கொண்டு போய்விடும் என்று விட்டுவிட்டார்கள். மருதத்துக்குரிய ஊடல், மாலையில் எண்ணிக்கை எழுதும்போது எல்லாக் களத்திலும் நிகழும். குறிஞ்சிக்குரிய புணர்தல், அதாவது பந்தும் குழியும் கூடுவது, எங்கள் விஷயத்தில் பெரும்பாலும் இல்லை.

நெய்தலுக்கு உரிய சிறுபொழுது எற்பாடு. எங்கள் பயணத்துக்கு உரியது ஏற்பாடு. வீரமாமுனிவருக்கு முந்தைய ஏடுகளில் எகரமும் ஏகாரமும் வேறுபாடின்றி எழுதப்பட்டன என்பதைக் கருத, கடற்கரைக்கும் திட்டமிடலுக்கும் உள்ள தொடர்பைத் தொல்காப்பியர் முன்பே கூறினார் என்பது பெறப்படும். உரிப்பொருள் இரங்கல் என்றதனால் முடிவையும் கூறிவிட்டார்.

தாழைக்கு இணையாக அங்கே கார்ஸ் என்ற முட்புதர். அயர்லாந்தின் பாண்டனிலிருந்து வந்து இந்த ஊருக்கும் அப்பெயரைக் கொடுத்த ஜார்ஜ் பென்னட், சொந்த ஊர் ஞாபகமாக இதைக் கொண்டுவந்து நட்டார். எண்ணெய்ப்பசை உள்ள செடி. 1936இல் ஊரே எரிந்தபோது தீயை வளர்த்ததும் இதுதான். மஞ்சள் பூவுக்குத் தேங்காய் வாசனை. பந்தைத் தேடிக் கையை உள்ளே விட்டால், முழங்கை வரைக்கும் முள் கீறிய தடத்தோடு, தலைக்கு எண்ணெய் வைத்த பிள்ளை மாதிரி மணக்கிறது.

காற்று

வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை. இது நம் வாய்பாடு. பாண்டனில் கோடைக்காலம் முழுக்க வடக்குக் காற்று, பிற்பகலில் வலுக்கும். ஆக, ஜூலையில் வாடை. குளிர்காலத்துப் புயல்மழையோ தெற்கிலிருந்து வரும். சா முதன்முறையாக எழுத்தில் வாய் திறந்தது இங்கேதான்: “நவம்பர்ல சீப். சவுத்லேர்ந்து வர்ற காத்து. தென்றல் தானே மச்சி?” (குழு, 391, சா பிரதியின் ஒரே உரைநடைப் பகுதி.) இலக்கணம் அவர் பக்கம் இருந்ததால் எவராலும் மறுக்க முடியவில்லை. நவம்பர் முடிவாயிற்று.

காற்றைப் பற்றிக் கோல்ஃப் விதியிலேயே நூற்பா உண்டு. குழியைச் சூழ்ந்த ‘கிரீன்’ புல்தரையில் நிற்கும் பந்தைக் காற்று உருட்டினால், அதை முன்பே எடுத்துத் துடைத்து வைத்திருந்தவர் பழைய இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். எடுக்காதவர் புது இடத்திலிருந்து ஆட வேண்டும். 2015 ஜூலை 18 அன்று செயின்ட் ஆண்ட்ரூஸில் ஓபன் போட்டியின்போது காற்று பந்துகளை உருட்டிக்கொண்டே இருந்ததால், 10 மணி நேரத்துக்கு மேல் ஆட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். போட்டி திங்கட்கிழமைதான் முடிந்தது. அவர்கள் நிறுத்தினார்கள். நாங்கள் முன்பணம் கட்டியிருந்தோம்.

கள ஆய்வு

டா வந்துவிட்டார். மார்ச் மாதத்து உண்மை என்னவென்று காரில் கேட்டேன். அவருக்கு ஞாபகமில்லை.

பாண்டன் டூன்ஸின் பதினாறாம் குழி, பாறை விளிம்பு. மழை நெட்டுக்குத்தாக விழாமல் பக்கவாட்டில் வந்தது; தென்றல். டா ‘டீ’ என்ற சிறு ஆணியின் மேல் பந்தை வைத்தார், விழுந்தது. வைத்தார், விழுந்தது. மூன்றாம் தடவை இரண்டு உள்ளங்கையாலும் அகல் விளக்கைக் காற்றிலிருந்து காக்கிற மாதிரி மறைத்து நிறுத்தினார். புல்லைக் கிள்ளி மேலே போட்டார். அது திரும்பி அவர் வாய்க்கே வந்தது. கேடி நிதானமாகக் கையை நீட்டிக் கடலைக் காட்டினார். அங்கே அடித்தால் காற்று திருப்பிக்கொண்டு வந்து தருமாம்.

டா கடலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், புல்லைத் துப்பினார்.

“பாக்கலாம்” என்றார். ஒற்றில்லை.

பந்து கடலுக்குமேல் போய், ஒரு கணம் யோசித்தாற்போல நின்றது. சா கட்டைவிரலை உயர்த்தினார். காற்றும் அந்தக் கணம் பார்த்துத்தானா ஓய வேண்டும்? தொலைந்த பந்தைத் தேட முன்பு 5 நிமிடம் தந்தார்கள், 2019இலிருந்து 3 தான். பாறை விளிம்பில் வரிசையாக நின்று, நால்வரும் அந்த மூன்று நிமிடமும் தண்ணீரைப் பார்த்தோம். அச்சொல் நேர்ப்பொருளில் ஆளப்பட்ட இடம் இது ஒன்றே.