படிக்காமலே பாஸான சட்டம்

1937. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் கஞ்சா வரி மசோதா வருகிறது. ஓர் உறுப்பினர் எழுந்து, இது எதைப் பற்றிய மசோதா என்று அப்பாவியாகக் கேட்கிறார். ஆளுங்கட்சியின் சபைத் தலைவர் சாம் ரேபர்ன், எனக்கும் தெரியாது, மரிஹுவானா என்று ஏதோ ஒன்றாம், போதை வஸ்துவாக இருக்கும் என்கிறார். மசோதா ஜோராகப் பாஸ்! வாட்ஸப்பில் வந்ததைப் படிக்காமல் ஃபார்வர்ட் செய்யும் நம் சித்தப்பாக்களை இனி யாரும் திட்டக்கூடாது.

டாக்டர்கள் சங்கம் என்ன சொல்கிறது என்றும் ஒருவர் கேட்டார். முழு ஆதரவு என்றார் சபை உறுப்பினர் ஃப்ரெட் வின்சன். சங்கத்தின் சார்பில் வந்த டாக்டர் உட்வர்டோ கமிட்டி முன் உட்கார்ந்து மசோதாவை எதிர்த்துவிட்டுப் போயிருந்தார். வின்சனுக்கு என்ன ஆச்சு என்கிறீர்களா? பிற்பாடு சுப்ரீம் கோர்ட்டின் தலைமை நீதிபதியே ஆகிவிட்டார்.

இந்தச் சட்டம் கஞ்சாவைத் தடை செய்யவில்லை, வரிதான் போட்டது. வரி கட்ட வேண்டுமென்றால், 'ஐயா, என்னிடம் சரக்கு இருக்கிறது' என்று நாமே போய் எழுதிக் கொடுக்க வேண்டும். மாநிலச் சட்டப்படி அது குற்றம். கட்டினாலும் மாட்டுவோம், கட்டாவிட்டாலும் மாட்டுவோம். இதில் மாட்டிய திமோத்தி லியரி என்ற முன்னாள் ஹார்வர்டு ஆசாமி கோர்ட்டுக்குப் போக, இது அநியாயமாச்சே என்று நீதிபதிகளுக்கு 1969-இல்தான் உறைத்தது. முப்பத்திரண்டே வருஷம்!

அடுத்து வந்தார் ஜனாதிபதி நிக்சன். கஞ்சாவை ஆராய 13 பேர் கமிஷன். அதில் 9 பேர் அவரே நியமித்தவர்கள், தலைவர் ஷாஃபர் அவருடைய கட்சிக்காரர். இதைவிட சேஃபாக ஒரு கமிஷன் அமையுமா? மனுஷர்கள் நிஜமாகவே ஆராய்ந்து தொலைத்தார்கள். சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் வைத்திருப்பவரைக் குற்றவாளி ஆக்க வேண்டாம் என்று 1972-இல் அறிக்கை கொடுத்தார்கள். நிக்சன் அதைச் சீந்தவே இல்லை.

1992-இல் ஜனாதிபதி வேட்பாளர் கிளிண்டன், கஞ்சாவை வாயில் வைத்தேன், புகையை உள்ளே இழுக்கவில்லை என்றார். அந்த நாட்டின் கஞ்சா கொள்கையை இவ்வளவு கச்சிதமாக வேறு யாரும் சொன்னதில்லை.

கடைசியில் 2022 அக்டோபரில் பைடன் பெரிய மனசு பண்ணினார். மத்தியச் சட்டப்படி வெறுமனே கஞ்சா வைத்திருந்ததற்காகத் தண்டனை பெற்ற ஆயிரக்கணக்கானோருக்கு மன்னிப்பு! அந்தக் குற்றத்துக்காக மட்டும் மத்தியச் சிறையில் எத்தனை பேர் இருந்தார்கள் தெரியுமா? ஒருவர்கூட இல்லை. மன்னிப்புப் பெற்றவர்களுக்கு அதற்கான அத்தாட்சி வேண்டுமென்றால் முறைப்படி விண்ணப்பம் போட வேண்டும்.